பயனர்களே எழுதும் மென்பொருள் கையேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் கையில் இருக்கிறது; அதை விளக்கும் ஆவணம்தான் இல்லை. இருந்தாலும் பாதியில் நிற்கிறது, அல்லது மூன்று வெர்ஷனுக்கு முந்தையதாக இருக்கிறது. அப்படிப்பட்ட மென்பொருளுக்கு, அதைப் பயன்படுத்துகிறவர்களே கூடிக் கையேடு எழுத உட்காரும்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. செஞ்சவங்களே எழுதாததை நாம எதுக்கு எழுதணும்?

செய்தவர்களுக்கு எழுதத் தெரியாது என்பதல்ல. ஒரு வசதியை உருவாக்கியவருக்கு அது எப்படி நடக்க வேண்டும் என்று தெரியும். எங்கே இடறும் என்று தெரியாது. அவருக்கு அங்கே இடறுவதில்லை. அதோடு, நேரமும் பணமும் புதிய வசதிகளுக்கே போய்விடும். ஆவணம் எப்போதும் அடுத்த மாதத்து வேலை.

2009-இல் வந்த மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு, எந்தப் பொருளை எப்படி அடுக்கினால் எந்தக் கருவி கிடைக்கும் என்று நீண்ட காலம் விளையாட்டுக்குள் சொல்லித் தரவே இல்லை. விளையாடியவர்கள் அதே ஆண்டில் விக்கி தொடங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதினார்கள். செய்முறைகளைக் காட்டும் புத்தகம் விளையாட்டுக்குள்ளேயே வந்தது 2017-இல்தான். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் பயனர்கள் எழுதியதுதான் கையேடு.

2. நான் புரோகிராமர் கிடையாது. எனக்கு இதுல என்ன வேலை இருக்கு?

நிறைய இருக்கிறது. புதிதாக வந்தவர் முதல் சில நாட்களில் எங்கெங்கே தடுமாறினாரோ, அந்தக் குறிப்புகளுக்கு ஈடு கிடையாது. பழகிய பிறகு அவை மறந்தே போகும். இரண்டு வருடம் பயன்படுத்தியவரிடம் கேட்டால் "அது ரொம்ப ஈஸியாச்சே" என்பார். ஆகவே, தேர்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்க வேண்டாம். தடுமாறும்போதே குறித்து வையுங்கள்: என்ன செய்ய நினைத்தீர்கள், எதை அழுத்தினீர்கள், திரையில் என்ன வந்தது.

எழுத வராது என்றாலும் பரவாயில்லை. வேறொருவர் எழுதிய படிகளை அப்படியே செய்து பார்த்து "நான்காவது படியில் நீங்கள் சொல்லும் பட்டன் எனக்கு இல்லை" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலான குழுக்களில் எழுத ஆள் கிடைக்கிறது, செய்து பார்க்கத்தான் கிடைப்பதில்லை.

3. வீடியோ நிறைய இருக்கே, அது போதாதா?

ஒரு வேலையை முதல்முறை பார்த்துப் புரிந்துகொள்ள வீடியோ நல்லது. ஆனால் பட்டன் ஒன்று இடம் மாறினால் வீடியோவில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்த முடியாது. பிழைச்செய்தியை நகலெடுத்துத் தேடுகிறவருக்கு இருபது நிமிட வீடியோவின் பதினோராவது நிமிடம் கிடைக்காது. இரண்டும் இருக்கட்டும், ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அல்ல.

4. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? மெனுவை மேலேர்ந்து கீழே வரைக்கும் வரிசையா எழுதிட்டு வரலாமா?

வேண்டாம். எல்லோரும் முதலில் செய்யத் துணிவது இதைத்தான், அதனாலேயே பாதிக் கையேடுகள் "ஃபைல் மெனு" அத்தியாயத்தோடு நின்றுபோகின்றன. "சேமி என்பதை அழுத்தினால் சேமிக்கும்" என்று எழுதுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

மக்கள் மீண்டும் மீண்டும் கேட்பதைப் பட்டியலிட்டு, மேலே இருக்கும் பத்தை முதலில் எழுதுங்கள். அடுத்தது பிழைச்செய்திகள். திரையில் வரும் வாசகத்தை எழுத்து மாறாமல் தலைப்பாக வைத்து, அது எப்போது வருகிறது, என்ன செய்தால் போகிறது என்று கீழே எழுதினால் போதும். மூன்று வரிப் பக்கமாக இருந்தாலும் தேடி வருகிறவருக்கு அதுதான் உயிர்.

கொஞ்சம் சேர்ந்த பிறகு பிரிக்கலாம். டானியலே புரோச்சிதா என்பவர் வகுத்த டயாடாக்ஸிஸ் என்ற முறை, ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கைப்பிடித்துக் கற்றுத்தரும் பாடம், குறிப்பிட்ட வேலையைச் செய்யும் வழிமுறை, விவரங்களைத் தேடிப் பார்க்கும் குறிப்பேடு, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் கலக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அவசரத்தில் வழிமுறை தேடி வந்தவருக்கு நடுவில் வரலாறு சொன்னால் எரிச்சல்தான் வரும். ஆனால் முதல் நாளே நான்கு பகுப்பையும் காலியாக உருவாக்கி வைக்காதீர்கள். காலிப் பக்கங்கள் நிறைந்த கையேட்டைப் பார்க்கிறவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

5. ஒரு பக்கம் எப்படி இருக்கணும்? மாதிரி ஏதாவது உண்டா?

தலைப்பு, செய்ய வேண்டிய வேலையின் பெயராக இருக்கட்டும். "ஏற்றுமதி அமைப்புகள்" என்பதைவிட "பெரிய ஃபைலைச் சிறிய துண்டுகளாக ஏற்றுமதி செய்வது" நல்லது. அதன் கீழே, எந்த வெர்ஷனில், எந்த இயங்குதளத்தில், எந்த மாதம் சோதித்தது என்று ஒரு வரி. பிறகு, தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை. பிறகு படிகள்: ஒரு படிக்கு ஒரு செயல் மட்டும்.

பலரும் விட்டுவிடுவது இதற்கு அடுத்தது. முக்கியமான படிகளுக்குப் பின் திரையில் என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். "இப்போது கீழே பச்சைக் கோடு ஓடும், ஓடவில்லை என்றால் இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்" என்று இருந்தால், தவறிப்போனவர் ஏழாவது படிவரை போய் விழிக்க மாட்டார். கடைசியில், செய்ததை எப்படிப் பழையபடி மாற்றுவது என்பதையும் சொல்லிவிடுங்கள். மாற்றவே முடியாது என்றால் அதைக் கடைசியில் அல்ல, முதல் படிக்கும் மேலே எழுதுங்கள்.

சுருக்கத்துக்கு நல்ல மாதிரி டிஎல்டிஆர் பேஜஸ் என்ற பயனர் திட்டம். கட்டளைவரிக் கருவிகளுக்கான அதன் பக்கம் ஒவ்வொன்றிலும் எட்டு எடுத்துக்காட்டுகளுக்கு மேல் அனுமதி இல்லை. ஒன்பதாவதைச் சேர்க்க விரும்புகிறவர் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை எடுக்க வேண்டும். எதை விடுவது என்ற யோசனை தானாக வந்துவிடுகிறது.

6. நான் செஞ்சு பார்த்தா ஒண்ணு வருது, இன்னொருத்தர் வேற வருதுங்கறார். யார் சொல்றதை எழுதறது?

இரண்டையும், எந்தச் சூழலில் எது வருகிறது என்பதோடு. இதுதான் இந்த வேலையின் மையம் என்று நினைக்கிறேன். கம்பெனி எழுதும் உதவிப் பக்கம், மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும். நாம் எழுதுவது, நம் கண்முன் எப்படி நடந்தது என்பது. அதனால் "யார் சொல்வது சரி" என்று வாதாடுவதில் பொருளில்லை, இருவரும் கண்டதைச் சொல்கிறார்கள். இருவருக்கும் இடையே என்ன வேறுபடுகிறது என்று தேட வேண்டும்.

வழக்கமான வேறுபாடுகள்: வெர்ஷன், இயங்குதளம், முன்பே மாற்றி வைத்திருந்த செட்டிங், நிர்வாகி அனுமதி, மொழி மற்றும் வட்டார அமைப்பு. கடைசியாகச் சொன்னது பலரையும் ஏமாற்றும். தசமத்துக்குப் புள்ளி வைக்கும் கணினியும் காற்புள்ளி வைக்கும் கணினியும் அட்டவணைத் தரவு கொண்ட ஒரே சிஎஸ்வி ஃபைலை வெவ்வேறாகப் படிக்கக்கூடும். ஒருவருக்கு அட்டவணை ஒழுங்காக வரும். மற்றவருக்கு எல்லாம் ஒரே நெடுவரிசையில் குவிந்து கிடக்கும். இருவரும் நாள்முழுக்கச் சண்டை போட இது போதும்.

கண்டுபிடிக்கும் வழி பழையதுதான்: புதிதாக நிறுவி, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முடியவில்லையா? "வெர்ஷன் இதுவில் இப்படி, அதுவில் அப்படி, காரணம் தெரியவில்லை" என்று எழுதி மூன்றாமவர் சோதனைக்கு விடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய பக்கத்தை யாராவது வந்து நிரப்புவார்கள். ஊகத்தை உறுதியாக எழுதிய பக்கத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், ஆபத்து அங்கேதான்.

7. மென்பொருளே தப்பா நடந்துக்குது. அதைக் கையேட்டுல எழுதறதா, பக்-னு புகார் குடுக்கறதா?

இரண்டும் செய்யுங்கள். யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு 1971 நவம்பரில் வெளிவந்த முதல் கையேட்டிலேயே ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் "பக்ஸ்" என்று ஒரு பகுதி இருந்தது. அதை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தங்கள் மென்பொருளின் குறைகளைத் தாங்களே அதில் எழுதி வைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை.

புகார் கொடுத்தவுடன் அதன் எண்ணைக் கையேட்டுப் பக்கத்தில் சேருங்கள். மாற்றுவழி இருந்தால் அதையும் எழுதி, "இன்ன வெர்ஷன் வரை தேவைப்பட்டது" என்று குறியுங்கள். எண் இல்லாத மாற்றுவழிகள் சாகா வரம் பெற்றவை: பக் சரியாகி நான்கு வருடம் ஆன பின்னும், ஏன் என்றே தெரியாமல் மக்கள் அந்தச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருப்பார்கள்.

பாதுகாப்பு ஓட்டை மட்டும் விதிவிலக்கு. அடுத்தவர் தரவு வெளியே தெரியும்படி எதையாவது கண்டால், முதலில் உருவாக்கியவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள். திருத்தம் வந்த பிறகு கையேட்டில் ஏற்றலாம்.

8. மாசத்துக்கு ஒரு வெர்ஷன் வருது. எழுதினதெல்லாம் வீணாப் போயிடாதா?

கொஞ்சம் போகும். ஆனால் ஒரு வெர்ஷனில் உண்மையில் மாறுவது சில இடங்கள்தான். ஐந்தாம் பதிலில் சொன்ன "எங்கே, எப்போது சோதித்தது" என்ற வரி இங்கே கைகொடுக்கும். புது வெர்ஷன் வந்ததும் மாற்றக் குறிப்பைப் பார்த்து, தொடர்புள்ள பக்கங்களை மட்டும் மறுபடி சோதித்து அந்த வரியைப் புதுப்பித்தால் போதும். புதுப்பிக்காத பக்கத்தைப் படிப்பவரும் தேதியைப் பார்த்துத் தானே எச்சரிக்கையாகிவிடுவார். தேதியில்லாத பழைய பக்கம், பக்கமே இல்லாததைவிட மோசம்.

பழைய வெர்ஷனுக்கு எழுதியதை அழிக்காதீர்கள். மேம்படுத்த முடியாமல் பழையதிலேயே இருக்கிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்களுக்கு உதவ வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் விளையாட்டின் பயனர் விக்கி, பெரிய வெர்ஷன் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்வெளி (தனிப் பகுதி) வைத்துப் பழைய பக்கங்களை அப்படியே காப்பாற்றி வருகிறது. நடத்தையே மாறிப்போகும் மென்பொருளுக்கு அது நல்ல முறை. நிறமும் இடமும் மட்டும் மாறும் மென்பொருளுக்கு அத்தனை ஏற்பாடு வேண்டாம். பக்கத்துக்குள் ஒரு குறிப்பு போதும்.

9. ஸ்கிரீன்ஷாட் எத்தனை போடலாம்?

வார்த்தையால் காட்ட முடியாத இடத்தில் மட்டும். வெர்ஷன் மாறும்போது முதலில் பழசாவது படம்தான். கட்டளைகளையும் பிழைச்செய்தியையும் படமாகப் போடவே கூடாது. தேடலில் வராது, நகலெடுக்க முடியாது, திரைவாசிப்பானுக்கும் தெரியாது.

பதிவேற்றும் முன் உங்கள் பெயர், மின்னஞ்சல், ஃபோல்டர் பாதை, உரிமச் சாவி தெரிகிறதா என்று பாருங்கள். மங்கலாக்குவது போதாது, மங்கலான எழுத்தை மீட்க வழிகள் இருக்கின்றன. முழுக் கறுப்புக் கட்டம் வையுங்கள். வெட்டி எடுத்ததையும் முழுக்க நம்ப வேண்டாம். பிக்சல் ஃபோன்களின் படத்திருத்தியும் விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலும் வெட்டிய பகுதியை ஃபைலுக்குள்ளேயே விட்டுவைத்திருந்தது 2023-இல் தெரியவந்தது. இதற்கெல்லாம் தலைவலி குறைய, போலிப் பெயரும் போலித் தரவும் கொண்ட தனிக் கணக்கில் படம் எடுப்பதே நல்லது.

10. விக்கி நல்லதா, கிட் நல்லதா?

யார் எழுதப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. விக்கியில் பிழையைக் கண்டவர் அந்த நிமிடமே திருத்திவிடலாம். மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டில், மார்க்டவுன் என்ற எளிய எழுத்துவடிவ ஃபைலாக வைத்தால் ஒவ்வொரு மாற்றமும் இன்னொருவர் பார்த்த பிறகே சேரும். ஒழுங்கு அதிகம், வாசலும் உயரம். இணையத் தொழில்நுட்பங்களுக்கான மொசில்லாவின் எம்டிஎன், நீண்ட காலம் விக்கியாக இருந்துவிட்டு 2020 டிசம்பரில் கிட் அடிப்படையிலான கிட்ஹப் தளத்துக்கு மாறியது. அதன் வாசகர்கள் புரோகிராமர்கள், ஆகவே அது பொருந்தியது. முப்பரிமாணப் படங்களுக்கான பிளெண்டர் மென்பொருளின் கையேடும் விக்கியிலிருந்து ஃபைல்களுக்கு மாறியதுதான்.

உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கணக்காளர்களோ இசைக்கலைஞர்களோ என்றால் விக்கியையே எடுங்கள். கிட் கற்றுக்கொண்டு வந்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்து என்று அவர்களிடம் சொல்ல முடியாது. இரண்டில் எதுவானாலும் ஒரே நிபந்தனை: எழுதியது முழுவதையும், மாற்ற வரலாற்றோடு, எளிய எழுத்துவடிவில் வெளியே எடுக்க முடிய வேண்டும். இந்தக் கேள்வியிலேயே மாதக்கணக்கில் நிற்கும் குழுக்கள் உண்டு. அதற்குள் இருபது பக்கம் எழுதியிருக்கலாம்.

11. யார் வேணும்னாலும் திருத்தலாம்னா கெடுத்துட மாட்டாங்களா?

வேண்டுமென்றே கெடுப்பவர் வந்தால் வரலாற்றிலிருந்து ஒரு கிளிக்கில் மீட்டுவிடலாம். விளம்பரக் குப்பையைத் தடுக்க, புதுக் கணக்குகள் வெளி இணைப்பு சேர்ப்பதற்கு மட்டும் தடை வைத்தாலே பெரும்பகுதி குறையும்.

அதிகம் கெடுப்பது நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள். நடையை அழகாக்குகிறேன் என்று "சில சமயம்" என்பதை எடுத்துவிடுவார்கள். நிபந்தனையோடு இருந்த வாக்கியம் எப்போதும் உண்மைபோல ஆகிவிடும். எனவே ஒரு விதி வையுங்கள்: மொழியை யாரும் திருத்தலாம், படியையோ எண்ணையோ நிபந்தனையையோ மாற்றுகிறவர் தான் எதில் சோதித்தார் என்று திருத்தக் குறிப்பில் எழுத வேண்டும். தரவை அழிக்கும் கட்டளைகள் உள்ள பக்கங்களை மட்டும் பூட்டி, இருவர் பார்த்த பிறகு மாற்றலாம். எல்லாப் பக்கத்தையும் பூட்டினால் பிறகு திருத்த நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

12. கம்பெனியோட உதவிப் பக்கத்துல இருக்கறதை அப்படியே எடுத்து ஒட்டலாமா?

கூடாது. பதிப்புரிமை வெளிப்பாட்டுக்கு உண்டு. செய்முறைக்கும் செயல்படும் விதத்துக்கும் இல்லை. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவு இதையே சொல்கிறது. அதாவது, இந்த பட்டனை அழுத்தினால் இது நடக்கும் என்ற தகவலை நீங்கள் தாராளமாக எழுதலாம். அவர்கள் அதைச் சொன்ன பத்தியை எடுக்க முடியாது. வார்த்தைகளை மட்டும் அங்கங்கே மாற்றுவதும் நகல்தான்.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மென்பொருளைத் திறந்து, செய்து பார்த்து எழுதுங்கள். ஆறாம் பதிலில் சொன்ன காரணத்துக்காகவும் அதுதான் நல்லது. அவர்களின் பக்கத்தில் இருக்கும் தவறு உங்களிடம் வராது. பரிசோதனை வெர்ஷனுக்காக ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அந்த விவரங்களை எழுத வேண்டாம். உரிமச் சாவியைத் தாண்டும் வழிகளுக்கும் கையேட்டில் இடம் கொடுக்காதீர்கள். அந்த ஒரு பக்கத்தால் மற்ற இருநூறு பக்கமும் போகும்.

13. ஏஐ-கிட்ட கேட்டு எழுதினா சட்டுனு முடிஞ்சிடுமே?

சட்டென்று முடியும், அதுதான் பிரச்சினை. ஏஐ தான் படித்ததை வைத்துப் பேசுகிறது. ஆவணமே இல்லாத மென்பொருளைப் பற்றி அது படிக்க என்ன இருந்திருக்கும்? இதே வகை மென்பொருள்களில் வழக்கமாக இருக்கும் மெனுக்களை வைத்து, இதிலும் இருக்கும் என்று நம்பும்படி எழுதிவிடும். இல்லாத பட்டனைத் தேடி வாசகர் அரைமணி நேரம் அலைவார். புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்குத் தடை போட்டது. பார்க்கச் சரியாகவும் உள்ளே தவறாகவும் இருக்கும் பதில்கள் குவிந்ததே காரணம்.

நீங்கள் சோதித்து எழுதிய கரடுமுரடான குறிப்பை ஒழுங்காக்கித் தரச் சொல்லலாம், எழுத்துப்பிழை பார்க்கலாம். அதன் பிறகும் ஒருமுறை படிகளைச் செய்து பாருங்கள். "சில சமயம்" காணாமல் போவது இங்கேயும் நடக்கும்.

14. லைசென்ஸ் எது போடறது? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எதைப் போட்டாலும் முதல் பக்கம் எழுதும் முன் போடுங்கள். பின்னால் மாற்ற, எழுதிய ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும்; பாதிப்பேர் அப்போது எங்கே என்றே தெரியாது. விக்கிப்பீடியா 2009-இல் ஜிஎன்யூ ஆவண உரிமத்திலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியது நினைவிருக்கலாம். அதற்காக ஜிஎன்யூ உரிமத்தின் புதிய வெர்ஷனே 2008-இல் ஒரு சிறப்புப் பிரிவோடு வெளிவர வேண்டியிருந்தது. நமக்காக யாரும் அப்படிச் செய்யப் போவதில்லை.

என் சிபாரிசு கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0. பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனையைச் சேர்க்கப் பலருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் கட்டணம் வாங்கிப் பயிற்சி தருகிறவர் கையேட்டை அச்செடுத்துக் கொடுப்பது வணிகமா என்ற தகராறு உடனே முளைக்கும். கட்டற்ற மென்பொருள் தொகுப்புகள் சிலவும் அந்த உரிமத்தை ஏற்காது. கையேட்டில் வரும் நிரல் துண்டுகளை மட்டும் எம்ஐடி போன்ற மென்பொருள் உரிமத்தில் தனியாக விடுங்கள். நிரலுக்குத் தங்கள் உரிமங்கள் ஏற்றவை அல்ல என்று கிரியேட்டிவ் காமன்ஸே சொல்கிறது.

15. கம்பெனி பேரைத் தலைப்புல போட்டா வக்கீல் நோட்டீஸ் வருமா?

எந்த மென்பொருளுக்கான கையேடு என்று அடையாளம் காட்டப் பெயரைச் சொல்வது பொதுவாகச் சிக்கல் தராது. கம்பெனியே வெளியிட்டது போலத் தோன்றினால்தான் வம்பு. லோகோவை எடுக்காதீர்கள், அவர்களின் நிறங்களைப் பின்பற்றாதீர்கள், முகப்பில் "பயனர்கள் எழுதியது, அதிகாரபூர்வமானது அல்ல" என்று தெளிவாகப் போடுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். உண்மையிலேயே கடிதம் வந்துவிட்டால், கையேட்டுக் குழுவில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

16. இன்னொரு மொழியிலயும் கொண்டுவரணும்னு ஆசை. எப்ப ஆரம்பிக்கலாம்?

மூலப் பக்கங்கள் வாரத்துக்கு வாரம் மாறுவது நின்ற பிறகு. கெட்டெக்ஸ்ட் போன்ற மொழிபெயர்ப்புக் கருவிகள், மூல வாக்கியம் மாறினால் அதன் மொழிபெயர்ப்பை "மீண்டும் பார்க்க வேண்டியது" என்று தாமே குறித்துவைக்கும்; சாதாரண விக்கியில் அந்த வசதி தானாகக் கிடைக்காது. முதலில் நான்காம் பதிலில் சொன்ன பத்துப் பக்கங்களை மட்டும் மொழிபெயர்த்து, அவற்றை ஒரு வருடம் மூலத்தோடு சேர்த்து நடத்த முடிகிறதா என்று பாருங்கள்.

17. ஆரம்பத்துல பதினஞ்சு பேர் இருந்தோம். இப்ப நான் மட்டும்தான். மூடிடலாமா?

எல்லாக் குழுவிலும் இது நடக்கும். பெரும் ஆள்பலம் இருந்தும் நிலைக்காதவை உண்டு: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016-இல் பயனர்களே எழுதும் ஆவணப் பகுதியைத் தொடங்கி, அடுத்த ஆண்டே மூடியது. ஆகவே ஆள் குறைந்ததை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூடுவதற்கு முன் சுருக்கிப் பாருங்கள். அதிகம் பார்க்கப்படும் முப்பது பக்கங்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றின் தலையில் "பராமரிக்கப்படவில்லை, கடைசியாகச் சோதித்தது இன்ன வெர்ஷனில்" என்று ஒட்டிவிடுங்கள். புதிதாக ஆள் சேர்க்க, "வாருங்கள், எழுதுங்கள்" என்ற பொது அழைப்பு பலிப்பதில்லை. "இந்தப் பக்கத்தின் மூன்றாவது படியை உங்கள் கணினியில் செய்து பார்த்துச் சொல்வீர்களா?" என்று ஒருவரிடம் நேராகக் கேட்டால் பெரும்பாலும் செய்வார். அதைச் செய்தவர்களில் சிலர் தங்குவார்கள்.

இன்னொரு வழி, சில நாட்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுவது. கட்டற்ற மென்பொருள் கையேடுகளுக்காக ஃப்ளாஸ் மேனுவல்ஸ் என்ற அமைப்பு இதைப் புத்தக ஓட்டம் என்ற முறையாகவே வளர்த்தது. ஐந்து நாளில் ஒரு புத்தகம். எழுதி முடிக்க அற்புதமான முறை. ஆனால் எட்டாம் பதிலில் சொன்ன பராமரிப்பை அது செய்து தராது, ஆறாவது நாளுக்கு ஆள் இருக்கிறதா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

18. சர்வர் திடீர்னு போயிட்டா?

போயிருக்கிறது. ஜென்டூ லினக்ஸுக்குப் பயனர்கள் நடத்திய பிரபலமான விக்கி 2008-இல் தன் தரவுத்தளத்தையே இழந்தது. மற்ற லினக்ஸ்காரர்களும் தேடிப் போய்ப் படித்த பக்கங்கள் அவை. பேக்கப்பை நிர்வாகி ஒருவரிடம் விட்டுவைக்காமல், மாதம் ஒருமுறை முழு உள்ளடக்கத்தையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் ஃபைலாக வெளியிடுங்கள். அதை வேறொரு கணினியில் விரித்துத் திறந்தும் பாருங்கள். டொமைன் பெயர், சர்வர் கடவுச்சொல், பணம் கட்டும் கணக்கு மூன்றும் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும்.

சர்வர் போகாமலேயே இடம் மாற வேண்டியும் வரலாம். முதல் பதிலில் சொன்ன மைன்கிராஃப்ட் விக்கியை நடத்தியவர்கள், பல விக்கிகளுக்கு இடம் தரும் ஃபேண்டம் தளத்தை விட்டு 2023-இல் தங்கள் சொந்த முகவரிக்குக் கிளம்பினார்கள். பகிர அனுமதிக்கும் உரிமம் இருந்ததால் எழுதியதையெல்லாம் எடுத்துப்போக முடிந்தது. அதே உரிமத்தால் பழைய நகல் பழைய இடத்திலேயே நிற்கவும் முடிகிறது. வெளியேறுகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்து, புது முகவரியை முன்கூட்டியே பரப்ப வேண்டும்.

19. இப்ப டெவலப்பர்களே வந்து, உங்க கையேட்டை நாங்க அதிகாரபூர்வமா எடுத்துக்கறோம்ங்கறாங்க. குடுத்துடலாமா?

பை-எஸ்ஏ உரிமத்தில் எழுதியிருந்தால், அதன் நிபந்தனைப்படி பயன்படுத்த அவர்களுக்கு உங்கள் அனுமதியே தேவையில்லை. கேட்க வந்திருக்கிறார்கள் என்றால் அதற்கு மேல் ஏதோ வேண்டும்: உரிமையை முழுக்க எழுதிக் கொடுப்பதோ, டொமைன் பெயரோ, உங்கள் உழைப்போ. எது என்று முதலில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உரிமையை எழுதிக் கொடுப்பது உங்கள் ஒருவரால் ஆகாது. எழுதிய ஒவ்வொருவரும் அவரவர் பகுதிக்குத் தனியாகத்தான் தர முடியும்.

பேசும்போது மூன்றைக் கேளுங்கள். பயனர்கள் தொடர்ந்து திருத்த முடியுமா? ஏழாம் பதிலில் சொன்ன அறியப்பட்ட குறைகள் பகுதி இருக்குமா, விற்பனைப் பிரிவு பார்த்ததும் எடுத்துவிடுவார்களா? பழைய வெர்ஷன் பக்கங்கள் தங்குமா? இரண்டாவதுக்கு வழவழவென்று பதில் வந்தால் எனக்கு நம்பிக்கை போய்விடும்.

முழுக்கக் கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பிஹெச்பி என்ற நிரல்மொழியின் கையேட்டில் மேலே அதிகாரபூர்வமான பக்கம், அதன் கீழேயே பயனர்களின் குறிப்புகள். பல ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. பயனுள்ள குறிப்புகள் வாக்குப் பெற்று மேலே வரும். மேலே உள்ளதை டெவலப்பர்கள் பார்த்துக்கொள்ள, கீழே நாம் சோதித்ததை நம் பெயரில் எழுதலாம். இதற்கு ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். பேச்சு முடிந்து எழுத்தில் வரும்வரை உங்கள் விக்கியைப் பூட்டாதீர்கள், மாதாந்தரப் பேக்கப்பையும் நிறுத்தாதீர்கள்.